ஆக்டேவ் ஃபஸ் பெடல்: வாங்கும் முன் தெரிய வேண்டிய தப்புக் கணக்குகள்

ஆக்டேவ் ஃபஸ் என்பது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கி (ஃபஸ்), அதோடு ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) மேலே உள்ள ஒலியையும் சேர்க்கிற, காலால் மிதித்து இயக்கும் பெட்டி (பெடல்). பெட்டியில் ஆக்டேவ் என்று எழுதியிருக்கிறதே என்று ஆர்டர் போட்டுவிடுகிறார்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பாஸ் ஓசி-2 கீழ் ஸ்தாயியைச் சேர்க்கும் பெடல். எம்எக்ஸ்ஆர் புளூ பாக்ஸில் ஃபஸ் உண்டு, ஆனால் அது இரண்டு ஸ்தாயி கீழே இறங்கும். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் பாக் டிஜிட்டல், கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாக) வாசித்தாலும் சுத்தமாகப் பின்தொடரும், ஃபஸ் என்ற பேச்சே அதில் இல்லை. ரோஜர் மேயர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்காகச் செய்த ஆக்டேவியாவின் சத்தம், அதாவது 1967-இல் வந்த ‘பர்ப்பிள் ஹேஸ்’ சோலோவில் கேட்கிற அந்தக் கிறீச்சிடும் மேல் ஸ்தாயி வேண்டுமென்றால், இந்த மூன்றும் உங்களுக்கு உதவாது.

அடுத்து, கடையில் சோதித்துப் பார்க்கும் விதம். பிரிட்ஜ் பிக்கப் (தந்திகளின் அடிமுனைப் பக்கம் ஒலியைப் பிடிக்கும் காந்தக் கருவி), டோன் முழுசாகத் திறந்தபடி, கழுத்தில் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் (கட்டைக்குள்) ஒரு ரிஃப், அதாவது ஒரு சின்ன வாசிப்புத் துண்டு. அப்புறம் ‘ஆக்டேவே கேட்கலையே, பெடல் பழுதா?’ என்று கேள்வி. இந்தப் பெடல்கள் அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடுகின்றன, அதனால் ஒரு சுற்றில் ஒரு மேடு இருந்த இடத்தில் இரண்டு மேடு வந்து அதிர்வெண் இரட்டிப்பாகிறது. உள்ளே போகிற ஸ்வரம் எவ்வளவு எளிமையான அலையோ அவ்வளவு தெளிவாக இது நடக்கும். பிரிட்ஜ் பிக்கப்பில் மேல் ஒத்திசைவுகள் (மூல ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) நிறைய இருப்பதால் எல்லாம் கலந்துபோய் வெறும் ஃபஸ்ஸாகவே காதில் விழும். கழுத்துப் பக்கம் உள்ள நெக் பிக்கப்புக்கு மாறுங்கள், கிட்டாரின் டோனைப் பாதிக்குக் கீழே குறையுங்கள், 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒற்றை ஸ்வரமாக வாசியுங்கள். அப்போதும் கேட்கவில்லை என்றால் தான் பெடலைச் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சந்தேகத்துக்கும் இடம் உண்டு: மடிக்கிற இரண்டு டயோடுகளோ டிரான்சிஸ்டர்களோ ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் ஆக்டேவ் மங்கிவிடும். உள்ளே சரிசெய்ய ஒரு டிரிம்பாட் (சின்னத் திருகு) வைத்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

கார்டு விஷயத்தில் ரெண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘கார்டே வாசிக்கக் கூடாது’ என்பது அரை உண்மை. இரண்டு ஸ்வரம் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஸ்வரங்களாக வெளியே வரும். தடித்த ஈ தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே பி 123 ஹெர்ட்ஸ், வித்தியாசம் 41. அது ஈ-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஈ! பவர் கார்டில் (இப்படி இரண்டு ஸ்வரம் மட்டும் சேர்ந்த கார்டு) சூப்பர் ஃபஸ் என்ற ஆக்டேவ் ஃபஸ் பெடல் ஒரு பேஸ் கிட்டாரும் சேர்ந்ததுபோல உறுமுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் மேஜர் மூன்றாம் ஸ்வரத்தைச் சேர்த்துப் பாருங்கள், வருகிற வித்தியாச ஸ்வரம் எதனுடனும் சரியாக ஒட்டாமல் ஒரே களேபரமாகிவிடும். முழு கார்டு வாசித்தே பழகியவர் என்றால் இந்த வகையே உங்களுக்கு வேண்டாம் என்பேன்.

எந்த மாடல் என்று யோசிக்கும்போது எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று, ஆக்டேவை அணைக்க முடியுமா என்பது. ஜப்பானின் ஷின்-எய் தயாரித்து யூனிவாக்ஸ் பெயரில் விற்ற சூப்பர் ஃபஸ்ஸில் அதற்குத் தனி ஸ்விட்ச் கிடையாது. 1970-களின் ஃபாக்ஸ் டோன் மெஷினில் உண்டு, ஒரே பெட்டியில் சாதாரண ஃபஸ்ஸும் கிடைத்துவிடும். முதல் ஆக்டேவ் ஃபஸ் வாங்குகிறவருக்கு நான் இந்த வகையைத் தான் சொல்வேன். சூப்பர் ஃபஸ்ஸின் டோன் ஸ்விட்ச்சில் ஒரு நிலை மிட் (நடு அதிர்வெண்) ஒலிகளைக் குடைந்தெடுத்துவிடும். வீட்டில் தனியாகக் கேட்க அபாரமாக இருக்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்தால் உங்கள் கிட்டார் எங்கே போனது என்று தேட வேண்டிவரும். டான் ஆர்ம்ஸ்ட்ராங் கிரீன் ரிங்கர் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: அதில் ஃபஸ் பெயரளவுக்குத் தான், முன்னால் வேறொரு ஃபஸ் வைத்தால் தான் களைகட்டும். ஹென்ட்ரிக்ஸே ஃபஸ் ஃபேஸ் என்ற ஃபஸ் பெடலைப் போட்டு அதன் பிறகு தான் ஆக்டேவியாவுக்குப் போவார்.

விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்வதும் வேண்டாம். பழைய டைகோபிரே ஆக்டேவியாவுக்குக் கேட்கும் காசு சேகரிப்பாளர்களுக்கான காசு. 1993-இல் வந்த பாஸ் ஹைப்பர் ஃபஸ், சூப்பர் ஃபஸ்ஸின் வழி வந்தது. அதன் மலிவு நகல் தான் பெஹ்ரிங்கர் எஸ்எஃப்300. பிளாஸ்டிக் பெட்டி, மேடையில் ஓங்கி மிதித்தால் எத்தனை நாள் வருமோ, ஆனால் சத்தத்தில் குறை சொல்ல முடியாது. இந்த வகைச் சத்தம் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

பவர் சப்ளை விஷயம் சின்னது தான், ஆனால் பெடலையே காலி பண்ணிவிடும். பெரும்பாலானவை நடுமுனை நெகட்டிவ் கொண்ட 9 வோல்ட். பழைய பாணி ஜெர்மேனியம் பெடல்கள் சில இதற்கு நேர்மாறு, அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே டெய்சி செயினில் (ஒரு சப்ளையிலிருந்து பல பெடல்களுக்கு மின்சாரம் கொடுக்கும் வயர்) மாட்டாதீர்கள். மாட்டும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.