பாட்டு கிளாஸில் சேர்வதற்கு முன்: நல்ல பாட்டு ஆசிரியரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ளலாம், அல்லது பிள்ளையைச் சேர்த்துவிடலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். "பக்கத்துல பாட்டு கிளாஸ் எங்க இருக்கு?" என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. வாரம் இரண்டு நாள் போய்வர வேண்டிய இடம் பக்கத்தில் இருந்தால்தான் நீடிக்கும். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். சரளி வரிசை என்ற முதல் ஸ்வரப் பயிற்சியில் படிந்த பழக்கம், பல படி தாண்டிக் கற்கும் வர்ணம் வரை கூடவே வரும். சுருதியை (பாட்டுக்கு ஆதாரமான 'ஸ'வின் ஒலியை) விட்டு விலகிப் பாடிப் பழகிவிட்டால், அடுத்து வரும் ஆசிரியருக்கு அதைத் திருத்துவதே முதல் வேலையாகிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் வாய்ப்பாட்டுப் பயிற்சியை மனத்தில் வைத்து எழுதியது.

படி 1: எதற்காகக் கற்றுக்கொள்கிறீர்கள்?

ஆறு வயதுக் குழந்தைக்குப் பாட்டில் ஒரு பழக்கம் ஏற்பட வேண்டும் என்பது ஒரு தேவை. நாற்பது வயதில் தனக்காகப் பாடிக்கொள்ள நினைப்பது வேறு தேவை. சான்றிதழ் வேண்டும் என்பவருக்கு வழியே வேறு. தமிழ்நாடு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகியவற்றில் 3 ஆண்டுப் பயிற்சி உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசின் கலைப் பயிற்சி மையமான ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள். தனி ஆசிரியர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் பலருக்கு இவை கண்ணிலேயே படுவதில்லை. உங்கள் ஊரில் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

படி 2: இரண்டு கேள்வி கேளுங்கள்

மார்கழி சீசனில் சென்னை சபாக்கள் பலவற்றில் பகல் நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. அவற்றில் பாடுவோர் பெரும்பாலும் இளைஞர்கள். யாராவது ஒருவர் பாடுவது உங்களுக்குப் பிடித்திருந்தால், முடிந்ததும் போய், "இப்போ யார்கிட்ட கத்துக்கறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "சரளி வரிசை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பெரிய வித்வான் ஒருவரின் பெயர் வரும். இரண்டாவதற்கு, பெரும்பாலும் மேடையே ஏறாத ஒரு மாமியின் பெயரோ, பள்ளி இசை ஆசிரியரின் பெயரோ வரும். நீங்கள் தேட வேண்டியது அந்த இரண்டாவது ஆளைத்தான்.

நன்றாகப் பாடுபவர் எல்லாரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று இல்லை. மூன்று மணி நேரக் கச்சேரி செய்பவருக்கு 'ஸ ரி ஸ ரி ஸ ரி க ம'வை ஒரு குழந்தையோடு இருபது தடவை திரும்பச் சொல்லும் பொறுமை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதுவும் சீசன் வந்தால் அவருக்கு நேரமே இருக்காது.

படி 3: போனில் பேசும்போது

சுருக்கமாகப் பேசினால் போதும்.

"வணக்கம் மேடம். என் பொண்ணுக்கு எட்டு வயசு. பாட்டு கத்துக்கணும்னு ஆசைப்படறா. புதுசா சேர்த்துக்கறீங்களா?"

"ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. குரலைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. "ஒரே வருஷத்துல மேடை ஏத்திடலாம்" என்று வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். "மூணு மாசத்துல கீர்த்தனை" என்பதும் அதே ரகம்தான். சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள், அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம் என்ற வரிசைக்குக் காரணம் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிப்பவர் ஆண்டு விழாவுக்குத்தான் ஆள் தயார் செய்கிறார்.

படி 4: ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். அனுமதி கேட்டு, ஓரமாக உட்கார்ந்து, கீழே சொல்வதைக் கவனியுங்கள். உங்களுக்கு சங்கீத ஞானம் தேவையில்லை.

ஆதார சுருதியை விடாமல் ஒலிக்கும் சுருதிப்பெட்டி ஓடுகிறதா? மொபைலில் தம்பூரா ஆப் ஓடினாலும் சரி, வகுப்பு முழுக்க ஓட வேண்டும். ஆசிரியர் நடுவில் பேசும்போது நிறுத்திவிட்டு, பாடும்போது போடவே மறந்துவிடுகிறார் என்றால் யோசியுங்கள்.

குழந்தைகள் தனியாகப் பாடுகிறார்களா? பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது சுருதி சேராத ஒரு குரல் மற்றவர்களுக்குள் ஒளிந்துகொள்ளும். நல்ல ஆசிரியர் எல்லாரையும் பாடவிட்டு, பிறகு ஒவ்வொருவரையும் ஒரு வரியாவது தனியாகப் பாடச் சொல்வார்.

எந்த இடத்தில் நிறுத்தித் திருத்துகிறார்? ஆரம்பப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கும். அந்த ராகத்தின் ரிஷபம் ('ரி') சுத்த ரிஷபம். ஸட்ஜத்தை ('ஸ') ஒட்டியே நிற்கும். புதிதாகப் பாடும் குழந்தை அதைக் கொஞ்சம் தூக்கிப் பாடிவிடும். பஞ்சமத்தை ('ப') ஒட்டியிருக்கும் தைவதத்திலும் ('த') இதேதான். கைதேர்ந்த ஆசிரியர் அங்கே நிறுத்துவார். "ஸ பிடி. அப்படியே நில்லு. இப்போ ரி. அவ்வளவு மேல வேண்டாம், கிட்டக்க" என்று அந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாடவைப்பார். மற்றவர் "இன்னும் நல்லா பாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். என்ன தப்பு என்று குழந்தைக்குப் புரிகிறதா, திட்டு மட்டும் கேட்கிறதா என்பது முகத்திலேயே தெரிந்துவிடும்.

தாளம் கையில் இருக்கிறதா? ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, சுண்டு விரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை, மொத்தம் எட்டு. மூன்றாம் காலத்துக்கு (நான்கு மடங்கு வேகத்துக்கு) போகும்போது கையின் வேகம் மாறக்கூடாது, பாடும் வேகம்தான் கூட வேண்டும். குழந்தைகள் கையையும் சேர்த்து ஓட்டுவார்கள். ஆசிரியர் அதைக் கவனிக்கிறாரா பாருங்கள்.

முடிந்தால் இரண்டு வருடமாகக் கற்கும் ஒரு பிள்ளையைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை வேண்டாம், சுமாராகப் பாடுகிற பிள்ளை. அந்தப் பிள்ளையின் குரல் சுருதியில் நிற்கிறதென்றால் அங்கே பாடம் நடக்கிறது என்று அர்த்தம். சுவரில் மாட்டியிருக்கும் ஷீல்டும் சால்வைப் படமும் இதைச் சொல்லாது.

பெற்றோர் உள்ளே வரவே கூடாது என்று கறாராகச் சொல்லும் இடம் எனக்கு ஒப்புதல் இல்லை. தினமும் உட்கார வேண்டாம். ஆனால் கேட்டால் உட்கார முடிய வேண்டும்.

படி 5: சுருதி

பெரியவர்களாகச் சேரும் ஆண்கள் இதை அவசியம் படியுங்கள். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வார்கள்; எண் கூடினால் உயரம் கூடும். பொதுவாகப் பெண்களின் சுருதி 5 கட்டையை ஒட்டியும், ஆண்களின் சுருதி 1, 1½ கட்டையை ஒட்டியும் இருக்கும். ஆசிரியை 5 கட்டையில் பாட, நீங்கள் அதே சுருதியில் பாடினால் மேலே போகும்போது தொண்டை இறுகும், ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரை உள்ள இடைவெளி) இறங்கினால் கீழே காற்றுதான் வரும். "எனக்குக் குரலே இல்லை" என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். குரல் இருக்கிறது, அது நிற்க வேண்டிய இடம் வேறு.

முதல் நாளிலேயே ஆசிரியர் சுருதிப்பெட்டியைத் திருப்பித் திருப்பி, கீழே மந்தர (கீழ்) ஸ்தாயி பஞ்சமமும் மேலே தார (மேல்) ஸ்தாயி காந்தாரமும் ('க') சிரமமில்லாமல் எட்டும் இடத்தைத் தேட வேண்டும். "என் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே சுருதிதான்" என்றால், உங்களுக்குத் தனி நேரம் தருவாரா என்று கேளுங்கள். பதின்வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும்போதும் இதே கேள்வி வரும். அப்போது பழைய சுருதியில் கத்த வைக்காமல் இறக்கிக்கொடுப்பவரே வேண்டும்.

படி 6: ஆன்லைன் வகுப்பு என்றால்

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, தப்பும் இல்லை. ஆனால் இணையத்தில் குரல் தாமதமாக வந்து சேரும் என்பதால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. ஆசிரியர் ஒரு வரி பாடி நிறுத்த வேண்டும், நீங்கள் தனியாகப் பாட வேண்டும், சுருதி உங்கள் பக்கத்தில் ஓட வேண்டும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போடாவிட்டால், தம்பூரா ஒலியை அது இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். இதை ஆசிரியரே முதல் நாள் சொல்லிவிட்டால் அவருக்கு ஆன்லைன் பழக்கம் இருக்கிறது என்று பொருள். இருபது பேரை மியூட்டில் வைத்துப் பாடவிடும் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

படி 7: பணம், விடுப்பு, ரெக்கார்டிங்

கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாதம் எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பு எவ்வளவு நேரம், ஆசிரியர் லீவு போட்டால் ஈடு உண்டா, ஆண்டு விழாவுக்கும் டிரஸ்ஸுக்கும் தனியாக வாங்குவார்களா, பாடத்தைப் போனில் பதிவு செய்துகொள்ளலாமா. ஆசிரியரின் குரலில் பதிவு இல்லாமல் வீட்டில் சாதகம் (பாடிப் பயிற்சி) செய்வது ஆரம்பத்தில் கஷ்டம். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் முதலில் மூன்று மாதத்துக்குக் கட்டுங்கள்.

படி 8: மூன்று மாதம் கழித்து

முதல் வாரம் பாடியதைப் போனில் பதிவு செய்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வரிசையைப் பதிவு செய்து இரண்டையும் கேளுங்கள். எத்தனை பாடம் முடிந்தது என்று பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கீதத்துக்குப் போய்விட்டது என்பதும் கணக்கில்லை. 'ஸ' முன்பைவிட ஆடாமல் நிற்கிறதா, தாளம் நழுவாமல் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

வயலினோ வீணையோ கற்பவர்கள் ஆசிரியரை முடிவு செய்த பிறகே வாத்தியம் வாங்குங்கள். வயலினில் குழந்தைகளுக்கு அரை, முக்கால் அளவுகள் உண்டு. கையைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்.

சரிப்படவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம். அது குரு துரோகம் ஒன்றும் இல்லை. ஆனால் போனை எடுக்காமல் நழுவிவிடாதீர்கள். நேரில் போய், பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டு, "அடுத்த மாசத்திலேருந்து வர முடியல மேடம்" என்று பிள்ளையையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பாட்டு உலகம் சின்னது. நாளைக்கு நீங்கள் போகும் புது ஆசிரியர் இவரிடமே கற்றவராக இருக்கலாம்.