சைனீஸ் காய் வதக்கல் நீர் விடாமல் இருக்க

நறுக்கிய காய் முழுவதையும் ஒரே தடவையில் கடாயில் கொட்டாதீர்கள். இரண்டு ஈடாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பெருந்தீயில் 2 நிமிடம் புரட்டித் தட்டில் எடுத்து வையுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு சோயா சாஸ் ஊற்றி, ஒரு புரட்டுப் புரட்டி இறக்கினால் சரி.

வீட்டு அடுப்பில் உணவகத்து அடுப்பு அளவுக்குத் தீ வராது. கடாய் நிறையக் காய் விழுந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். காய் விடும் நீர் ஆவியாகாமல் அடியில் தேங்கும். அப்புறம் அது வதக்கல் இல்லை, அவியல்தான்! கழுவிய காயில் ஈரம் இருந்தாலும் இதே கதி, அதனால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். உப்பும் நீரை இழுக்கும் என்பதால் கடைசியில் போடுங்கள், அதுவும் சாஸில் இருக்கும் உப்பைப் பார்த்து.

ப்ராக்கோலி, தடிமனான கேரட் போன்றவை 2 நிமிடத்தில் வேகாது. அவற்றைக் கொதிநீரில் 1 நிமிடம் போட்டு, வடித்து, ஈரம் போனபின் வதக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் ஒரு கைப்பிடி காய் என்றால் பிரிக்கவே தேவையில்லை. நான்ஸ்டிக் கடாய்க்கு இவ்வளவு தீ ஆகாது, இரும்புக் கடாய்தான் தோது.