மலேரியா மாத்திரை: எண்ணிக்கையில் நடக்கும் தவறுகள்

மருந்துக்கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களும், வீட்டில் காய்ச்சல்காரரைப் பார்த்துக்கொள்பவர்களும் குளோரோகுயின் விஷயத்தில் வருடக்கணக்காக அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சிலருக்கு உடம்பு அரிக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

"நாலு, நாலு, ரெண்டு"

மலேரியாவில் ஒரு வகையான வைவாக்ஸுக்குப் பெரியவர்கள் குளோரோகுயின் போடும் கணக்கு இது: முதல் நாள் 4 மாத்திரை, மறுநாள் 4, மூன்றாம் நாள் 2. ஆனால் 250 மி.கி. மாத்திரைக்கு மட்டும்தான் இது செல்லும். அந்த 250 என்பது குளோரோகுயின் பாஸ்பேட்டின் எடை. அதில் மருந்தாக வேலை செய்யும் பேஸ் 150 மி.கி.தான். டாக்டர்கள் கணக்கிடுவது பேஸில்: உடல் எடையில் கிலோவுக்கு 10, 10, 5 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 600, 600, 300.

கடையில் 250 தீர்ந்திருக்கும். 500 மி.கி. அட்டையை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஒரு மாத்திரைக்கு 300 மி.கி. பேஸ் இருக்கிறது. வாய் மட்டும் பழக்கத்தில் "நாலு, நாலு, ரெண்டு" என்றே சொல்லும். நோயாளி முதல் வேளையிலேயே 1,200 மி.கி. விழுங்கிவிடுவார். அவர் 40 கிலோ எடையுள்ள பெண்ணாக இருந்தால் கிலோவுக்கு 30 மி.கி. ஒரே வேளையில் 20ஐத் தாண்டினாலே கடுமையான நச்சு. 30 உயிரைப் பறிக்கக்கூடிய அளவு. 500, பேஸ் 300 என்ற இரண்டு எண்களும் அட்டையின் பின்புறம் அச்சிட்டே இருக்கின்றன. அதைத் திருப்பிப் பார்க்காமல் கொடுப்பதை இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த மருந்து வேகமாக உடம்பில் ஏறும். அளவு மீறினால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் தலைவலி, மயக்கம், பார்வை மங்கல் வரும். ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்களுக்குள் போய்விடும், இதயத் துடிப்பு தடுமாறும், ரத்த அழுத்தம் சரியும், வலிப்பும் வரலாம். சற்று முன்புவரை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சாய்ந்துவிடுவார். அதனால் "பார்த்துக்கொண்டு போகலாம்" என்று உட்காரக் கூடாது. 108-ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி.யும் செயற்கைச் சுவாசமும் உள்ள மருத்துவமனைதான் தேவை.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது

வேண்டவே வேண்டாம். நடுவில் வலிப்பு வந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

வாந்தியானதும் மறுபடி கொடுப்பது

போட்ட அரை மணிக்குள் வாந்தியானால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கலாம். ஒரு மணி தாண்டிவிட்டால் கொடுக்காதீர்கள். மருந்து பெரும்பாலும் உள்ளே போயிருக்கும்.

விட்ட வேளையைச் சேர்த்துப் போடுவது

கூடாது.

மூட்டுவாத மாத்திரையை மறப்பது

முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் இதே குடும்பம். இரண்டும் சேர்ந்தால் இதயத்தின் மேல் சுமை கூடும். தினமும் போடும் மாத்திரைகளை டாக்டரிடம் காட்டிய பிறகே மலேரியா மருந்தைத் தொடங்குங்கள்.

பிரைமாகுயினை அவசரமாக முடிப்பது

வைவாக்ஸ் மலேரியாவில் கல்லீரலில் தங்கும் கிருமிக்காகப் பிரைமாகுயின் என்ற இன்னொரு மாத்திரையைப் பெரியவர்களுக்குத் தினம் 15 மி.கி. வீதம் 14 நாள் தருவார்கள். டாக்டர் சொல்லாமல் இரட்டிப்பாக்கி ஏழு நாளில் முடித்தால் உதடு நீலமாகலாம், ரத்தம் சிதையலாம். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே ஆபத்தாகலாம். சிறுநீர் கறுத்து வந்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதைத் தரக் கூடாது.

மீதி மாத்திரையைக் குழந்தை கையெட்டும் இடத்தில் வைப்பது

தவழும் குழந்தைக்கு ஒன்றிரண்டு குளோரோகுயின் மாத்திரையே உயிர் போக்கப் போதும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திராமல் கிளம்புங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை குறைகிறது, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.