அல்ஜீப்ரா 2-ஐ மீண்டும் எடுக்கும் முன்

கலிபோர்னியா உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அல்ஜீப்ரா 2-இல் டி அல்லது எஃப் கிரேடு வந்துவிட்டதா? கோடை வகுப்பில் பெயர் கொடுக்கும் முன் கிரேடு பட்டியலைப் பருவவாரியாகப் பாருங்கள். முதல் பருவத்தில் மட்டும் சறுக்கி, இரண்டாம் பருவத்தில் சி அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால், கலிபோர்னியா பல்கலைக்கழகம் முதல் பருவத்தையும் தேறியதாகவே ஏற்றுக்கொள்ளும். ஆனால் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயத்துக்கு (டிப்ளமா) அந்த எஃப் தனிக் கணக்கு. அதைப் பள்ளியின் கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டி கிரேடுதான் பலரை ஏமாற்றுகிறது. பட்டயத்துக்கு அது பொதுவாகப் போதும். கலிபோர்னியா பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் போதாது.

ஆன்லைனில் எடுப்பதானால், அந்தப் பாடம் ‘ஏ-ஜி’ அங்கீகாரப் பட்டியலில் (கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு ஏற்கும் பாடங்களின் பட்டியல்) உள்ளதா என்று தேடிப் பாருங்கள். பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. முன்தேர்வு எழுதி அலகுகளைத் தாண்டிச் செல்லச் சில மென்பொருள்கள் இடம் தரும். மடக்கையிலும் இருபடிச் சமன்பாட்டிலும் மட்டும் அந்தச் சலுகை வேண்டாம். அடுத்த கணிதப் பாடமான ப்ரீகால்குலஸ் தொடங்கியதுமே இரண்டும் தேவைப்படும். காரணிப்படுத்தலே தடுமாறினால், முதலில் ஒரு வாரம் அல்ஜீப்ரா 1 கணக்குகளைப் போடச் சொல்லுங்கள்.