குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில் ஓடும் ஆப்களின் மெட்ரிக்ஸைப் பிரோமிதியஸில் சேர்ப்பது எப்படி?

கிளஸ்டரில் இப்போது இருக்கும் பாட் (ஆப் ஓடும் சிறு அலகு) கொஞ்ச நேரத்தில் போய், வேறு ஐபியில் இன்னொன்று வந்துவிடும். அதனால் முகவரிகளைக் கையால் எழுதிவைப்பது இங்கே வேலைக்கு ஆகாது. மெட்ரிக்ஸைச் சேகரிக்கும் கருவியான பிரோமிதியஸ், எந்தெந்த பாட் ஓடுகிறது என்பதைக் குபெர்னெட்டிஸ் ஏபிஐயிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றிடமும் போய் எண்களை வாங்கிவரும்.

முதலில் ஆப்பைத் தயார் செய்யுங்கள். உங்கள் மொழிக்கான கிளையன்ட் லைப்ரரியைச் சேர்த்து, மெட்ரிக்ஸ் என்ற பாதையில் எண்களைத் திறந்துவிட வேண்டும். ரிக்வெஸ்ட், எரர் மாதிரி ஏறிக்கொண்டே போவதற்குக் கவுன்ட்டர், க்யூ நீளம் மாதிரி ஏறி இறங்குவதற்குக் கேஜ், பதில் தர ஆன நேரத்துக்கு ஹிஸ்டோகிராம். சம்மரி என்றும் ஒரு வகை உண்டு, பல பாட் ஓடும் ஆப்புக்கு அது வேண்டாம்: ஒவ்வொரு பாடும் தனித்தனியாகக் கணக்குப் போட்ட 99-வது பெர்சன்டைலுக்கு (100-இல் 99 ரிக்வெஸ்ட்டுக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் வந்தது என்ற எண்) சராசரி எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஹிஸ்டோகிராம் என்றால் எல்லா பாட்டின் பக்கெட்டுகளையும் (இத்தனை நேரத்துக்குள் எத்தனை பதில் என்ற எண்ணிக்கைகள்) கூட்டிவிட்டுப் பிறகு கணக்கிடலாம்.

அடுத்து, பிரோமிதியஸ் ஆபரேட்டர் (பிரோமிதியஸைக் குபெர்னெட்டிஸுக்குள் நிர்வகிக்கும் மென்பொருள்) போட்டிருந்தால், எந்த சர்வீஸின் (பாட்களுக்கு முன்னால் நிற்கும் நிலையான முகவரி) பாட்களிடம் எண்களை வாங்குவது என்று சொல்லும் ஒரு சர்வீஸ் மானிட்டர் எழுதினால் போதும். பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். போர்ட் என்ற இடத்தில் சர்வீஸில் அந்த போர்ட்டுக்கு வைத்த பெயரைத் தர வேண்டும், எண்ணை அல்ல. லேபிள் (ஒட்டிவைக்கும் பெயர்-மதிப்பு ஜோடி) இரண்டு இடத்தில் பொருந்த வேண்டும்: சர்வீஸ் மானிட்டர் தேடும் லேபிள் சர்வீஸின் மேல் இருக்க வேண்டும் (பாட் மேல் இருந்தால் போதாது), பிரோமிதியஸ் தேடும் லேபிள் சர்வீஸ் மானிட்டரின் மேல் இருக்க வேண்டும். பிரோமிதியஸை ஹெல்மில் (குபெர்னெட்டிஸில் மென்பொருள் நிறுவும் கருவி) நிறுவியிருந்தால் அது பெரும்பாலும் ரிலீஸ் லேபிள்தான், அதை விட்டுவிட்டால் எந்த எரரும் வராது, பிரோமிதியஸின் டார்கெட்ஸ் பக்கத்தில் உங்கள் ஆப் வரவே வராது. பெயர் வந்தும் டவுன் என்று காட்டினால் நெட்வொர்க் பாலிசியை (எந்த பாட் எதனோடு பேசலாம் என்ற விதி) பாருங்கள்.

ஆபரேட்டர் இல்லாமல் நீங்களே கான்ஃபிக் எழுதினால், சர்வீஸின் கிளஸ்டர் ஐபியை மட்டும் டார்கெட்டாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் வேறு பாட் பதில் சொல்லும், கவுன்ட்டர் திடீரென்று குறைந்ததுபோல் தெரியும், பிரோமிதியஸ் அதை ரீஸ்டார்ட் என்று எடுத்துக்கொள்ளும், ரேட் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

சரி, எண்கள் வர ஆரம்பித்துவிட்டன. இனி மெட்ரிக்ஸில் ஒட்டும் லேபிள்களில் (பாதை, ஸ்டேட்டஸ் கோடு மாதிரி) கை அடக்கமாக இருங்கள், இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்வேன். ஒவ்வொரு லேபிள் சேர்க்கையும் மெமரியில் ஒரு தனி சீரிஸ் (நேரவாரியான எண் வரிசை). 10 பாதை, 5 ஸ்டேட்டஸ் கோடு, 12 பக்கெட், 20 பாட் என்றாலே ஒரே ஹிஸ்டோகிராமில் பக்கெட் சீரிஸ் மட்டுமே 12,000. இதில் யூசர் ஐடியையோ முழு யூஆர்எல்லையோ லேபிளாக வைத்தால் பிரோமிதியஸே மெமரி தீர்ந்து விழும். சர்வீஸ் மானிட்டரில் சாம்பிள் லிமிட் (ஒரு தடவையில் எத்தனை எண்கள் வரலாம் என்ற வரம்பு) வைத்துவிடுங்கள். வரம்பு தாண்டினால் அந்த ஸ்க்ரேப் (அந்தத் தடவை வாங்கிய எண்கள்) முழுவதும் நிராகரிக்கப்படும், மற்ற ஆப்களுக்குப் பாதிப்பு இருக்காது.

சில நொடியில் முடிந்துபோகும் ஜாப்களைப் பிரோமிதியஸ் வந்து பார்ப்பதற்குள் அவை போய்விடும், அவற்றுக்கு மட்டும் புஷ்கேட்வே, அதாவது ஜாப் தானே எண்களை அனுப்பிவைக்கும் இடம். அதில் போட்ட எண் நீங்களாக அழிக்கும்வரை அப்படியே கிடக்கும் என்பதால், ஜாப் கடைசியாக வெற்றிகரமாக முடிந்த நேரத்தையும் சேர்த்து அனுப்பி, அது பழசாகிப்போனால் அலர்ட் அடிக்கும்படி வையுங்கள்.