காயம் ஆறிடுச்சு, இன்னும் ஊசி எதுக்கு?

குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் லைன்களில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) நாய்க்கடியால் வரும் ரேபிஸ் என்ற வெறிநோயின் ஆபத்தைப் பலரும் காயத்தின் அளவை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். ரத்தம் கொட்டினால் ஓடி வருவார்கள். குட்டி நாய் கீறினால், "நம்ம வளர்த்ததுதானே" என்று விட்டுவிடுவார்கள். காயம் ஆறியதும் ஊசியையும் நிறுத்திவிடுவார்கள்.

அதட்டிப் பார்த்தால் ஆளே தலைமறைவாகிவிடுவார். என் அனுபவத்தில் பலன் தந்தது, ரேபிஸ் வைரஸ் உடம்பில் போகும் வழியைச் சொல்வது. கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். மேல்தோல் மூடிக்கொள்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது புரிந்தவர் 28-ஆம் நாள் ஊசிக்கும் வருவார்.

முதலில் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். மலைக்குளிரில் இரண்டு நிமிடத்தில் கையை இழுத்துக்கொள்வார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் கூடவே கூடாது. தோலில் போடும் ரேபிஸ் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில், இரு கைகளிலும் 0.1 மி.லி. வீதம். ரத்தம் வந்த கடிக்கு, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே தடுக்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்) வேண்டும்.

முதல் ஊசி போடும் நாள்தான் பூஜ்யம். "மூணாம் நாள் வா" என்றால் ஒரு நாள் தப்பும். கிழமையோடு தேதியை எழுதிக் கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி நினைவு. வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக 1907-இல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கிற குன்னூரிலேயே அந்தப் பயம் போகவில்லை! இப்போது கையில்தான் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.