விமானி சீருடையை முறையாக அணிவது எப்படி?
1930களில் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனம் கடற்படை அதிகாரிகளின் உடையைத் தழுவித் தன் விமானிகளுக்குச் சீருடை வகுத்தது. அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாக, பெரும்பாலான நிறுவனங்களில் கேப்டனின் தோளில் 4 கோடுகளும் துணை விமானியின் தோளில் பொதுவாக 3 கோடுகளும் இருக்கும். வெள்ளைச் சட்டையை நன்கு தேய்த்த பிறகே இந்தக் கோடுகள் உள்ள தோள்பட்டிகளை மாட்ட வேண்டும். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொடட்டும். கறுப்புத் தோல் காலணிகளுக்கு முந்தைய இரவே பாலிஷ் போடுங்கள்.

முகச்சவரத்தைத் தோற்றத்துக்கு மட்டுமானதாகக் கருதக் கூடாது. அடர்ந்த தாடி இருந்தால் ஆக்சிஜன் முகமூடி தோலோடு இறுகப் பொருந்தாமல், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும் நெருக்கடியில் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இதில் சிறிதும் அலட்சியம் வேண்டாம். குளிர்கண்ணாடி வாங்கும்போது போலரைஸ்டு (ஒளிக்கூச்சத்தை வடிகட்டும்) வகையைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அது விமானி அறையின் மின்னணுத் திரைகளை மங்கலாகக் காட்டக்கூடும்.